பந்து பட்ட கண்

இல்லைங்க, உறுத்தல்லாம் இல்ல. நீங்க செஞ்சு குடுத்த கண்ணு, சொந்தக் கண்ணாட்டம் உட்கார்ந்திருக்கு. எது அசல்னு எங்க மாமியாரே தடுமாறுவாங்க, அவங்க பார்வைக்குத் தப்பறது ஒண்ணும் சாதாரணமில்ல. நீங்க வேலையப் பாருங்க, நான் சும்மா பேசிட்டிருக்கேன்.

எப்படிப் போச்சுன்னா கேக்கறீங்க? வெளிய உட்கார்ந்திருக்காளே எம் பொண்டாட்டி, அவளைக் கேட்டா சின்ன வயசுல பந்து பட்டுச்சும்பா. நான் சொன்ன கதைதான். பந்தும் இல்ல, மண்ணும் இல்ல. கேன்சர் கட்டிங்க. நடை பழகற வயசுலயே கண்ணை எடுத்துட்டாங்க.

கல்யாணம் பேசினப்போ, பிறக்கப்போற பிள்ளைக்கும் வருமோன்னு பயந்துபோய் ஒரு டாக்டரம்மாகிட்ட ஓடினேன். பொறுமையா சொன்னாங்க. கையச் சுட்டுக்கிட்டா பிள்ளை தழும்போடவா பிறக்குது? அந்த மாதிரி, கோளாறு கண்ணு செல்லுல மட்டும் இருந்தா உன்னோட போச்சு. பிள்ளை உண்டாகற செல்லு தனி. அதுலயும் இருந்தாத்தான் அடுத்த தலைமுறைக்கு இறங்கும். பிறவியிலேயே உடம்பு பூரா இருக்கான்னு ரத்தத்துல பார்த்துடலாம், நாளைக்கு வான்னாங்க.

போகலைங்க. இருக்குன்னு சொல்லிட்டா கல்யாணம் நின்னுடுமேன்னு பயம். கண்ணு செல்லுல மட்டும்தான் இருக்கும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன், என்னமோ பெரிய டாக்டராட்டம்.

ஆமாங்க, என் கண்ணுக்கு பாலிஷ் போடவான்னு கேட்டீங்கல்ல. வேணாம். எனக்கு ஒண்ணும் வேணாம். அச்சு சின்னதா எடுத்து வைங்க. அவ மடியில தூங்கறாளே, எங்க பாப்பா, அவளுக்குத்தான். விளக்கடிச்சா கண்ணுக்குள்ள வெள்ளையா மின்னுச்சு. அதே கட்டி. கண்ணை எடுத்து, புண்ணும் ஆறிடுச்சு. இன்னொரு கண்ணு நல்லாருக்கு. அவ ஆடாம இருக்க மாட்டா, நிறத்துக்கு என் நல்ல கண்ணைப் பார்த்துக்கோங்க. ரெண்டும் ஒரே நிறம். அதுவும் என்கிட்டேருந்து வந்ததுதான்.

எம் பொண்டாட்டி என்னடான்னா, உண்டாயிருந்தப்போ தலைவலிக்கு மாத்திரை போட்டேனே, அதனாலதான்னு தினம் அழறா. நானும் கேட்டுட்டு, போனது போகட்டும் விடுன்னு தட்டிக் குடுக்கறேன். பெரிய மனசு பண்ணி மன்னிக்கறவனாட்டம். அந்தக் கையை வெட்டிப் போடலாம்.

இப்ப மறுபடியும் உண்டாயிருக்கா. இன்னைக்குக் காலைலதான் சொன்னா.

அவங்களை உள்ள கூப்பிடவான்னா கேக்கறீங்க? இருங்க, நானே போறேன். கொஞ்சம் நேரமாகும். பந்து எதுவும் படலைன்னு முதல்ல அவகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்.