சகாயமேரி அக்காவின் தனித்தொட்டிகள்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் தனிஸ்லாஸ் சார் அவர்களே! மறைந்த அக்காவின் தம்பி மகள், பெங்களூரிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் ஆன்சி அவர்களே! மதுரை கடல்மீன் வளர்ப்போர் சங்கத்து உறுப்பினர்களே! விளாங்குடித் தெருக்காரர்களே! எல்லோருக்கும் செயலாளர் உக்கிரபாண்டியின் வணக்கம். கடைசி வரிசையில் போனைத் தடவிக்கொண்டிருக்கும் மெர்வினுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதை அணைத்து வை மாப்ள.

வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் இது. இந்த ஊரில் உப்பைக் கரைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் கடல் வளர்க்கிறோம் என்றால் பைத்தியக்காரர்கள் என்று சொல்ல மாட்டார்களா? சொன்னார்கள். அந்தப் பைத்தியங்களுக்கு ஒரு வைத்தியர் வேண்டாமா? இருந்தார்! அவர்தான் நம் சகாயமேரி அவர்கள். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி லேபில் மனிதர்களின் ரத்தத்தையும் சளியையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு நம் மீன்களைப் பார்த்தவர்.

தெருக்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கடலில் பிடித்து வருகிற மீன் சும்மா வராது. உடம்பில் ஒட்டுண்ணியோடு வரும். அதை அப்படியே வீட்டுத் தொட்டியில் விட்டால், அதற்கு முன்னால் இருந்த அத்தனை மீனும் காலி. அதனால் முதலில் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். அக்காவின் முன்னறையில் அப்படி எட்டுத் தொட்டிகள். இந்தச் சங்கத்தில் நாற்பத்தொரு பேர். அந்த அறையைத் தாண்டாமல் எங்கள் யார் வீட்டுக்கும் ஒரு மீன் வந்ததில்லை.

நான் ஒருவன் மட்டும் ஒரு தடவை நாள் கணக்கு முடியுமுன்னே மீனை அங்கிருந்து எடுத்துவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? ஏழு வருடத்துக்கு முன்னால் என் நீல டாங் மீன் மேலே உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. அக்காவிடம் கொடுத்தேன். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் ஒரு புள்ளி இல்லை. பளபளவென்று இருக்கிறது. "அக்கா, சரியாப் போச்சு, நான் எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

"ஏ பாண்டி, புள்ளி போகல. கீழ இறங்கியிருக்கு. தொட்டிக்கு அடியில ஒட்டிக்கிட்டு ஒண்ணு நூறாகும், மறுபடி மேல ஏறும். அதுக்குள்ள மீனை, காயவச்சுப் புதுத் தண்ணி ஊத்துன தொட்டிக்கு மாத்தணும். மூணு நாளைக்கு ஒருக்கா, நாலு தடவ. அம்புட்டுதேன் வைத்தியம்" என்றார்.

எனக்குப் பொறுமை ஏது? கத்தினேன். "எம் மீனு, எனக்குத் தெரியாதா?" என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன். பதினோராம் நாள் என் வளர்ப்புமீன் கடைத் தொட்டியில் முப்பத்தேழு மீன் செத்து மிதந்தது.

அன்றைக்கு நான் கூப்பிடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? யார் சொல்லிக் கேள்விப்பட்டாரோ, டவுன் பஸ்ஸில் மைக்ராஸ்கோப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். செத்துக்கொண்டிருந்த ஒரு மீனின் தோலை லேசாக வழித்துக் கண்ணாடியில் வைத்து, என்னைக் குனியச் சொன்னார். உள்ளே ஒரு உருண்டை, மெல்ல மெல்ல உருண்டுகொண்டிருந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வார்த்தை அவர் வாயில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை! "எழுபத்தாறு நாளு இந்தத் தொட்டியில மீனே விடாத. பூச்சி தானாச் செத்துரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். ஒரு டீ வேண்டுமா என்று கூட நான் கேட்கவில்லை.

அவருடைய பொறுமைக்கு இன்னொன்றும் சொல்கிறேன். வங்கியில் வேலை பார்க்கும் தமிழ்ச்செல்வி இங்கே இருக்கிறார். அவருடைய மீன் பாறையில் உடம்பைத் தேய்த்து உரசிக்கொண்டே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத தட்டைப்புழு. அக்கா அதைத் தூக்கி நல்ல தண்ணீரில் போட்டார். ஐந்து நிமிடம். கடல்மீனை நல்ல தண்ணீரில் போட்டால் பார்க்கிறவளுக்கு உயிர் இருக்குமா? "செத்துருங்க்கா, எடுத்துருங்க்கா!" என்று தமிழ்ச்செல்வி ஒரே கூச்சல். அக்கா கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "கத்தாத தாயி, எனக்கு எண்ணிக்கை தப்பிரும்." நேரம் முடிந்தபோது புழுவெல்லாம் வெளுத்து, எள் கொட்டினாற்போல அடியில் கிடந்தது. மீன் இன்றைக்கும் இருக்கிறது. இல்லையா தமிழ்ச்செல்வி? அழாதே தாயி.

இப்போது நான் சொல்லவேண்டிய இடத்துக்கு வருகிறேன். தலைவர் அவர்கள் ஐந்து நிமிடம்தான் கொடுத்தார். மன்னிக்க வேண்டும், இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

அக்கா வீட்டில் ஒரு சட்டம். மீனைக் கேட்டிலேயே பையோடு கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். ஈரக்கையோடு வருகிறவன் ஒரு தொட்டி நோயை இன்னொரு தொட்டிக்குக் கொண்டுபோய்விடுவான் என்று அப்படி வைத்தார். தொட்டி வேலையில் கை நனைந்திருந்தால் போனையும் எடுக்க மாட்டார். நியாயமான சட்டம்தான். ஆனால் நாம் என்ன செய்தோம்? அதை நமக்கு வசதியாக்கிக்கொண்டோம். கேட்டில் நின்றோம், பையை நீட்டினோம், "வாரேங்க்கா" என்றோம், வண்டியைத் திருப்பினோம். தொட்டி இல்லாத உள்ளறைக்குள் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? அங்கே என்ன சாப்பிட்டார், யாரோடு பேசினார் என்று எவனுக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது! நான் செயலாளர்!

போன வாரம் வியாழக்கிழமை போனில் இருமினார். "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா, சளி" என்றார். மீன் மேல் புள்ளி மறைந்தால் நம்பாதே என்று எனக்குக் கற்றுக்கொடுத்த மனுஷி ஒண்ணுமில்லை என்றதும் நம்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை இரண்டு தடவை, சனிக்கிழமை நான்கு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. தொட்டி வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு ஒச்சாயி அம்மாவும் அப்படித்தான். "ரெண்டு நாளா காத்து மோட்டாரு சத்தம் கேட்டுக்கிட்டேதேன் இருந்துச்சு தம்பி, ஆளு உள்ள இருக்குன்னுதேன் நெனச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டது அந்த அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒச்சாயி அம்மாவிடம் இருந்த மாற்றுச் சாவியை வாங்கிக் கதவைத் திறந்தவன் நான். வெள்ளிக்கிழமை காலையிலேயே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். நுரையீரல் முழுக்கச் சளி கட்டியிருந்ததாம். கதவைத் திறந்ததும் நான் முதலில் எதைப் பார்த்தேன் தெரியுமா? மூன்றாம் தொட்டியை! என் மீன் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அப்பாடா என்றேன். அதற்குப் பிறகுதான் உள்ளறைப் பக்கம் திரும்பினேன். இதை உங்களிடம் சொல்லாமல் ஒரு வாய் சோறு இறங்கவில்லை எனக்கு.

அக்காவின் நோட்டு இது. ஆன்சி அனுமதியோடு கொண்டுவந்திருக்கிறேன். தினமும் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வரி. தொட்டி எண், மீன் பெயர், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, தீனி எடுத்ததா, குறிப்பு. கடைசி மூன்று நாளும் மீன்களுக்கெல்லாம் கீழே ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. தொட்டி எண் இல்லை. படிக்கிறேன்.

செவ்வாய்: "மேரி. மூச்சு 24. தீனி கொஞ்சம். கவனிக்க."

புதன்: "மேரி. மூச்சு 28. தீனி அரைக் கஞ்சி. கவனிக்க."

வியாழன்: "மேரி. மூச்சு 36. தீனி எடுக்கவில்லை." குறிப்பு என்ற இடத்தில், "ஆறு மீனும் மாற்றியாச்சு. அடுத்தது ஞாயிறு."

அய்யோ! தனக்குத்தானே கடிகாரத்தைப் பார்த்து மூச்சு எண்ணியிருக்கிறாரே! "கவனிக்க" என்று யாருக்கு எழுதினார்? அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள் கவனிக்க? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இன்றைக்கு மாலை போட்டு, படம் வைத்து, மைக் வைத்துக் கவனிக்கிறோம்.

அக்கா மாற்றிவிட்டுப் போன ஆறு மீனும் பிழைத்திருக்கின்றன. அடக்கம் முடிந்த கையோடு ஞாயிறு மாலை நான் மாற்றினேன். புதன்கிழமையும் மாற்றினேன். நாளை சனிக்கிழமை கடைசி மாற்றம்.

அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி சொல்லச் சொல்லித் தலைவர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். சொல்கிறேன். அந்த எட்டுத் தொட்டிகளையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். வீட்டைத் திறந்து வைத்துக்கொள்ள ஆன்சி சம்மதித்திருக்கிறார். மைக்ராஸ்கோப்பில் எனக்கு இன்னும் ஒரு எழவும் பிடிபடவில்லை. கற்றுக்கொள்வேன். ஒரு மீனையும் நாள் கணக்கு முடியாமல் விட மாட்டேன். இது அக்கா மேல் சத்தியம்.

ஆனால் நேற்று அந்த வீட்டில் ஒரு பகல் முழுக்க இருந்து பார்த்தேன். ஐந்து பேர் வந்தீர்கள். ஐந்து பேரும் கேட்டில் நின்று, "மீனு எப்படியிருக்குண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். பொழுது சாயும்வரை மோட்டார் சத்தத்தைத் தவிர எனக்குத் துணை இல்லை. அக்கா அதை ஒன்பது வருடம் கேட்டார். எனக்கு ஒரே நாளில் பயமாகிவிட்டது. பெரிய மீசை வைத்துக்கொண்டு சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் கேட்டுச் சட்டத்தை இன்றோடு எடுத்துவிடுகிறேன். சோப்பும் துண்டும் வாசலில் வைத்திருப்பேன். கையைக் கழுவிக்கொண்டு, தயவுசெய்து, உள்ளே வாருங்கள்.