சம்பந்திகள் மேல் சாச்சிலா பொழிந்த குக்கர்

தலைமைப் பீடத்தில் மலைபோல் வீற்றிருக்கும் பெரியவர் எஷ்மாம்பெத் அவர்களே! நாரின் நகரின் நரைத்தாடிச் சான்றோர்களே! ஒரு கையில் குழந்தையும் மறு கையில் குவளையும் ஏந்திய தாய்மார்களே! பசியைக் காட்டிக்கொள்ளாத பண்புமிகு சம்பந்திகளே! "சுருக்கா முடிங்க" என்று கண்ணாலேயே கட்டளையிடும் என் மனைவி புருல் அவர்களே! மணப்பெண்ணின் தகப்பன் ஜாபார்குல் வணங்குகிறேன்.

மகளைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்தீர்களா? குக்கரைப் பற்றிப் பேசப் போகிறேன்!

நம் மலையில் தண்ணீருக்கு அவசரம். சரியாகச் சூடேறுமுன் கொதித்துவிடும். ஆட்டுத்தொடைக்கோ அகம்பாவம், எவ்வளவு கொதித்தாலும் வேகாது. குதிரையை அடக்கியவன் கிர்கிஸ்காரன். ஆட்டை அடக்கியது எது? குக்கர்! கறி வேகவைத்த குக்கர் நம் தினைக்கள் போசோவைக் காய்ச்சக் கூடாதா? தினைக்கூழில் முளைகட்டிய தானியம் கலந்து அடுப்போரம் வைத்தால், குடித்தவன் பாடுவான், குடிக்காதவன் தாளம் போடுவான். அங்கே பின்வரிசையில் என்ன சிரிப்பு? உங்கள் வீட்டில் காய்ச்சுவதில்லையா? சத்தியம் செய்வீர்களா? மாட்டீர்கள்!

போன இலையுதிர்காலத்தில் என் மகள் குல்சுனைப் பெண் கேட்டு இதோ இந்தச் சகினாலியும் அவர் மனைவி உல்கான் அம்மையாரும் வந்தார்கள். "சம்பந்தி வர்றாங்க, குக்கரக் கழுவி வைங்க" என்று புருல் சொல்லியிருந்தாள். கழுவினேனா? அதற்குள்தான் போசோ புளித்துக்கொண்டிருந்ததே! வாடை வெளியே வராதிருக்க மூடியை வேறு இறுக்கி வைத்திருந்தேன்.

வந்தவர்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அடுப்பில் நெருப்பில்லை. ஆடு கொக்கியில் தொங்குகிறது. ஆனால் குக்கர் சீறுகிறது!

"கறி வெந்துருச்சு போல" என்றார் சகினாலி, மீசையைத் தடவிக்கொண்டு.

"ஆமாங்க, எறக்கிற வேண்டியதுதான்" என்றேன். எதை இறக்குவது? கறி போடாமல் சம்பந்தியை அனுப்பினால் கல்யாணம் நடக்குமா? குல்சுன் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

சட்டென்று சீற்றம் நின்றது. ஆவித் துளையில் தினை அடைத்துக்கொண்டது! பதறிய புருல் மூடியைத் திருகினாள். டமார்! போசோவில் பாதி உத்தரத்தில், பாதி சம்பந்திகள் மேல்! நல்லவேளை, சூடில்லை.

"முடிஞ்சுது என் கல்யாணம்" என்றாள் குல்சுன்.

உல்கான் அம்மையார் மடியில் கிடந்த தினையைப் பார்த்தார். "ஏங்க, மத்த வீட்ல மனுசங்கதான் தலைமேல மிட்டாயத் தூவி சாச்சிலா போட்டு வாழ்த்துவாங்க. இங்க பாத்திரமே போடுது! இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?"

சகினாலி தாடியை வழித்தார். நக்கினார். கண்ணை மூடினார். "புளிப்பு சரியா இருக்கு. மிச்சம் இருக்கா?"

பொருந்தியது சம்பந்தம்! அதே குக்கரை அரைகுறையாக அலசி ஆட்டைப் போட்டோம். அந்தச் சாற்றைக் குடித்த சகினாலி, குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டு "கடிவாளத்துல ஏன்யா இவ்ளோ முடி இருக்கு?" என்று கேட்டார். இல்லை என்பீர்களா சம்பந்தி?

பெரியோர்களே! சீதனமாக அந்தக் குக்கரையே கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். மகளையே கொடுத்தவனுக்குக் குக்கர் பெரிதா? ஆனாலும் நேற்றுக் காலியான சமையற்கட்டைப் பார்த்தேன், குக்கர் இருந்த இடத்தைத் துடைத்தேன். மூன்று கணவாய் தாண்டிப் போகிறாள் என் பெண்.

ஆகவே, அவைக்கு நன்றி கூறி என் கல்பாக் தொப்பியைக் கழற்றுகிறேன். தொப்பிக்குள் என்ன என்று பார்க்கிறீர்களா? அந்தக் குக்கரின் கேஸ்கட்! கறி வேக வேண்டுமா, போசோ புளிக்க வேண்டுமா, என் மகளை இங்கே அனுப்புங்கள். கேஸ்கட்டை அவள் கையில்தான் கொடுப்பேன். வணக்கம்!