மூன்று இழுப்பு

இரவு இரண்டே கால் மணி. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகிற வீதி. ஒரு மோட்டார் சைக்கிள்... பின்னால் இரண்டு தகர டின்களை மடியில் அணைத்தபடி ஒரு பெண். இரு பக்கமும் காடு. தூரத்தில் யானை விரட்டுகிற வெடி ஒன்று வெடித்தது. பிறகு எதுவுமே இல்லை.

அந்தப் பெண் சிவதர்சினி. என்னோடு படித்த கௌசலாவின் மச்சாள்; அவள் சொன்ன கதைதான் இது. பல்கலைக்கழக வளாகமொன்றில் இரசாயனவியல் ஆய்வு செய்கிறவள். ஓட்டியவன் அவளுடைய தம்பி ரஜிதன். கிணறு துப்பரவாக்குவது அவன் தொழில். அவர்களுடைய அப்பாவுக்கும் அதுதான் தொழில். சிவதர்சினிக்குப் பதினான்கு வயதில் அப்பா ஒரு கிணற்றுக்குள் இறங்கினார். அடியில் காபனீரொட்சைட்டு வாயு தேங்கிக் கிடந்தது. நிறமில்லை, மணமில்லை. அவர் ஏறி வரவில்லை.

தம்பியும் அப்படிப் போய்விடக் கூடாது. அதற்காக அவள் ஆறு வருடம் உழைத்துச் செய்ததுதான் அந்த டின்களுக்குள் இருந்தது. உலோக அணுக்களும் கரிம மூலக்கூறுகளும் மாறி மாறிக் கோத்துக் கட்டிய, நுண்துளைகள் நிறைந்த ஒரு தூள். பார்த்தால் கோதுமை மா. ஆனால் ஒவ்வொரு துகளுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத அறைகள், கோடி கோடியாக. ஒரு தேக்கரண்டித் தூளின் அறைச் சுவர்களை விரித்தால் ஒரு விளையாட்டு மைதானத்தை மூடிவிடலாம். மற்றக் காற்றையெல்லாம் அவை போக விடும். நாம் மூச்சோடு வெளியே விடுகிற அந்த ஒரு வாயுவை மட்டும் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். குளிரில்தான் நன்றாகப் பிடிக்கும். சூடேறினால் பிடித்ததை விட்டுவிடும். அதனால்தான் விடிவதற்கு முன்னான அந்த நேரம்.

ரஜிதன் அதை "அக்காவின்ர மா" என்பான்.

அவர்களை வரச்சொன்ன விமலேஸ்வரியின் காணி குளக்கட்டுக்குக் கீழே இருந்தது. மிளகாய்க் கன்றுகள் தண்ணீரில்லாமல் சுருண்டு கிடந்தன. கிணறு ஒன்று உண்டு. ஆனால் போர் முடிந்து காணிக்குத் திரும்பி வந்த நாளிலேயே அதை இரும்புத் தகடு போட்டு மூடித்தான் கண்டார்கள். யார் மூடினார்கள், ஏன் மூடினார்கள்... விமலேஸ்வரிக்குத் தெரியாது. கேட்கவும் ஆளில்லை.

தகட்டை நகர்த்தியபோது ஈரமண் மணம் வந்தது. அதோடு லேசாக, நெடுநாள் பூட்டிய அலுமாரியைத் திறந்தால் வருகிற உடுப்பு மணம்.

முதலில் லாம்பு இறங்கியது. எந்தக் கிணற்றுக்கும் அதுதான் வழக்கம். இருபதடியில் சுடர் நீலமாகி... அணைந்தது.

"இனி உன்ர மா இறங்கட்டும்" என்றான் ரஜிதன்.

டின்கள் இறங்கின. அவற்றோடு பற்றரியில் ஓடுகிற சின்ன விசிறிகள். பக்கத்தில் நீண்ட வயரில், பத்து இலட்சம் பங்கு காற்றில் அந்த வாயு எத்தனை பங்கு என்று காட்டுகிற ஒரு மானி. மேலே சிவதர்சினியின் கையில் அதன் திரை. ஐம்பதாயிரம். முப்பதாயிரம். விசிறிகள் ஈயைப் போல இரைந்தன. ஒன்றரை மணித்தியாலம் எண் இறங்கிக்கொண்டே இருந்தது. நாலு மணிக்கு எண் நானூற்றிருபதுக்கு வந்தது. வெளிக்காற்றில் இருக்கிற அளவு. கிணறு சுத்தம்.

பிறகு நானூற்றைம்பது ஆனது. திரும்ப நானூற்றிருபது. நானூற்றைம்பது. நானூற்றிருபது...

திரையில் அலை ஒன்று ஏறி இறங்கியது. மிக மெதுவாக. ஒரே அளவாக.

"பிறகென்ன முழுசிப் பார்க்கிறாய்?" என்றான் ரஜிதன்.

"மூச்சு விடுற மாதிரிக் கிடக்கடா."

"தவளையாயிருக்கும்."

"தவளை இவ்வளவு பெரிசா மூச்சு விடுமே?"

கயிறு பிடிக்க வந்திருந்த சின்னராசா வெற்றிலையைத் துப்பினார். "வன்னித் தவளை பிள்ளை. கொஞ்சம் வாட்டசாட்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வேறொரு மானியை இறக்கிப் பார்த்தாள். அதிலும் அதே அலை. டின்களை மேலே எடுத்தாள். வாயுவைப் பிடித்த தூள் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு டின் ஒரு பக்கத்தில் மட்டும் சூடாக இருந்தது. ஓர் உள்ளங்கை அளவுக்கு.

அவள் அந்த டின்னை மற்றவர்களின் கை படாமல் ஒதுக்கி வைத்தாள்.

லாம்பு மறுபடி இறங்கியது. அடிவரை நின்று எரிந்தது. இதற்கு மேல் ரஜிதனைத் தடுக்க அவளிடம் காரணமில்லை. அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டினான்.

"மூண்டு தரம் இழுத்தால் தூக்குங்கோ. அக்கா, கூப்பிடுறதெண்டால் பேர் சொல்லிக் கூப்பிடு. சும்மா வா எண்டு சொல்லிப்போடாதை."

"ஏன்?"

"அப்பா சொல்லுறவர். உள்ளுக்கை ஆர் ஆர் நிக்கினமெண்டு ஆருக்குத் தெரியும்?" கண்ணடித்துவிட்டு இறங்கினான்.

மண்வெட்டிச் சத்தம் கேட்டது. சறக்... சறக்... திரையில் அவனுடைய மூச்சு விரைவாக, சின்னச் சின்ன அலையாக ஓடியது. அவள் ஆறுதலாகச் சுவாசித்தாள்.

பிறகு கண்டாள். அந்தச் சின்ன அலைகளுக்கு நடுவில் மற்றது. மெதுவானது. ஒவ்வொரு முறையும் முன்னையதைவிட உயர்ந்தது. தூரத்திலிருந்து மூச்சு விடுகிற ஒருவர் கிட்ட வந்தால்... அப்படித்தான் உயரும்.

மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"மேல வா!" அவள் விளிம்பில் குப்புறப் படுத்துக் கத்தினாள். "கெதியா மேல வா!"

கயிறு ஆடியது. ஒன்று. இரண்டு. மூன்று.

மூவரும் சேர்ந்து இழுத்தார்கள். சின்னராசாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "என்ன, பாறாங்கல்லைக் கட்டிக்கொண்டு வாறானோ?" விமலேஸ்வரியின் கை கயிற்றில் உரிந்தது. கடைசியில் ரஜிதனின் தலை தெரிந்தது. மண்ணும் வியர்வையும். உயிரோடு, முழுசாக.

"ஏன் தூக்கினியள்? இன்னும் வேலை கிடக்கு."

"நீதானே மூண்டு தரம் இழுத்தனி" என்றார் சின்னராசா.

ரஜிதன் அவரைப் பார்த்தான். "நான் கயிற்றைத் தொடேல்லை. ரெண்டு கையிலையும் மண்வெட்டி."

சிவதர்சினி திரையைப் பார்த்தாள். மானி இன்னும் கிணற்றுக்குள்தான் தொங்கியது. நானூற்றிருபது. நேர்கோடு. அலையே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கத்தியபோது அவள் பேர் சொல்லவில்லை.

அவர்கள் தகட்டைத் திரும்பப் போட்டுவிட்டு வந்தார்கள். விடிந்தது. வீட்டில் ரஜிதன் இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடித்தான், பகடி விட்டான், தூங்கினான். முதுகு மட்டும் கொஞ்சம் நோகிறது என்றான். கயிறு அறுத்திருக்கும் என்று அம்மா எண்ணெய் பூசினா. அடுத்த நாளும் நோகிறது என்றான். மூட்டை தூக்குகிற ஆளைப் போல முன்னுக்குக் கூனி நடந்தான்.

மூன்றாம் நாள் இரவு. விறாந்தையில் அவர்கள் இருவர் மட்டும். அம்மா குசினிக்குள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தா. சிவதர்சினி மானியை எடுத்து வந்தாள்.

"மூச்சைப் பிடி."

"என்னக்கா, நான் என்ன உன்ர சோதனை எலியே?"

"ஒரு நிமிஷம். பிடியடா."

அவன் கன்னங்களை உப்பி, மூக்கை விரல்களால் பொத்திக்கொண்டான். அவளும் தன் மூச்சை அடக்கினாள். மானியை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

நானூற்றைம்பது. நானூற்றிருபது. நானூற்றைம்பது...

மெதுவாக. ஒரே அளவாக.

அவள் மானியை மெல்ல நகர்த்தினாள். கன்னத்தருகே அறுநூறு. தோளருகே எண்ணூறு. இடது காதுக்குப் பின்னால், ஒருவர் அவனுடைய முதுகில் தொற்றிக்கொண்டு தோளில் தாடையை வைத்திருந்தால் வாய் எங்கே வருமோ, அங்கே... இரண்டாயிரம்.

ரஜிதன் உப்பிய கன்னத்தோடு அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான்.

குசினிக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டா.

"ரொட்டி ஆறப்போகுது. வா, வந்து சாப்பிடு."

எண் விழுந்தது. நானூற்றிருபது. நேர்கோடு.

ரஜிதன் மூச்சை விட்டான். தோளை உருட்டிப் பார்த்தான். நிமிர்ந்து நின்றான். "அப்பாடா... முதுகு லேசாப் போச்சு."

சிவதர்சினி குசினி வாசலைப் பார்த்தாள்.

குசினிக்குள் கதிரை ஒன்று, யாரோ உட்காரப் போவதுபோல இழுபட்டது. பிறகு, அடுப்பைப் பார்த்தபடியே கதைக்கிற அம்மாவின் குரல்.

"அவசரப்படாதை தம்பி. கையெல்லாம் மண். முதல்ல போய்க் கழுவு."