வாசலுக்கு வந்த தண்ணி

பாண் ரொட்டிக்குத்தான் கேகாலையில வரிசைன்னா, பச்சத் தண்ணிக்குமா வரிசை! நீயே சொல்லு தங்கச்சி. லயத்து வீடு அத்தனைக்கும் இந்த ஒத்தத் தண்ணிப் பீலி. மலையிலருந்து நூல் மாதிரி ஒழுகுது... ஒரு கொடம் ரொம்புறதுக்குள்ள ஒரு கல்யாணமே முடிஞ்சிரும்.

நீ கித்துல்கல பக்கத்துலருந்து நேத்துத்தானே வந்த? அதான் ஒனக்குத் தெரியாது. இங்க வந்து நிக்கணும்னு எனக்கென்னா தலையெழுத்தா? என் காம்பிரா வீட்டு வாசலுக்கே தண்ணி வந்துச்சு! ஆமா! அந்தா, முன்னால நிக்கிறாளே மூக்காயி, அவ மாசி மாசம் வரிசையில இருந்த என் கொடத்தத் தூக்கிப் பின்னால வச்சா. இந்த வெள்ளையம்மா சும்மா விடுவாளா? "இனிமே எனக்கு மனுச மக்களே வேணாம்டி"ன்னு சொல்லிப்புட்டு, மூங்கில வெட்டிப் பொளந்து, ஊத்துலருந்து வாசல் வரைக்கும் இழுத்துட்டேன். தனி ஆளா!

சிரிக்காத. என்னா சொகம்ங்கிற... ஒண்ணே ஒண்ணு, சேதிதான் வராது. எல்லாச் சேதியும் இந்தப் பீலியிலதானே பேசுறாளுக! காலையில ஆள் சேக்குற பெரட்டு மேமலைக்கு மாறிப்போச்சாம். எனக்கு யாரு சொன்னா? பால்வெட்டுக் கத்தியும் வாளியுமா கீழ்மலையில தனியா நிக்கிறேன். ரப்பர் மரமும் நானும் அட்டையும். அந்த அட்டை ஒண்ணுதான் என்னய ஒரு ஆளா மதிச்சுக் கிட்ட வந்துச்சு! அப்புறமா கங்காணி வந்து கேக்குறாரு, "என்னா வெள்ளையம்மா, ஒனக்குன்னு தனித் தோட்டம் வாங்கிட்டியா?"ன்னு.

வீட்டுலயும் பேச ஆளில்ல. கோழிகிட்டப் பேசுனேன். அதுவும் அடைக்கு உக்காந்துக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. ஐயோ அனே... பொறையேறுனா தலையில தட்டக்கூட ஒரு கையில்ல தங்கச்சி.

இப்ப ஏன் வந்தேன்னு கேக்குறியா? அது... மூங்கி ஒடஞ்சிருச்சு. காட்டுப்பன்னி வேலையாத்தான் இருக்கும். பாழாப்போன பன்னி!

என்னா? ஒன் வீட்டுக்காரரு வந்து சரிபண்ணித் தருவாரா? ஐயையோ, வேணாம் வேணாம்! மெதுவாப் பேசு, அவளுக காதுல விழுந்துறப் போகுது... பன்னியுமில்ல, கின்னியுமில்ல. விடிஞ்சதும் நாந்தான் கத்தியெடுத்து மூங்கியில ஒரே போடு!

அடியே மூக்காயி! என் கொடத்துல ஏன்டி கை வைக்கிற? மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா... என்னா? முன்னாலயா வைக்கிற?

வேணாம்டி... இருக்கட்டும். எனக்கென்னா அவசரம்? அத எடுத்துக் கடைசியிலயே வை.