ரெண்டாவது சரணம்

ஜெயக்கொடி: ஏனுங்க, கமெண்டுல இன்னொருத்தரும் அதையேதான் எழுதியிருக்காங்க. ஆறாவது பாட்டுல பாதியில குரலே வரலையாம்...

பிராங்க்: படிக்காதேன்னு சொன்னனா இல்லையா?

ஜெயக்கொடி: கண்ணாடி இல்லாம போனை மூஞ்சியில ஒட்டி வெச்சுட்டு உக்காந்திருந்தீங்க. பாவம்னு படிக்கறேன். "மேகாத்து ஆல்பம் மொத்தமும் அருமை. துடும்பு மேளமும் எலக்ட்ரிக் கிடாரும் சேந்து அடிக்கறப்ப நெஞ்சு அதிருது. ஆனா ஆறாவது பாட்டுல பாடறவரு தூங்கிட்டாருங்களா?"

பிராங்க்: அது... ஸ்டைலு.

ஜெயக்கொடி: ஸ்டைலுங்களா?

பிராங்க்: காலையில ரிலீஸ் பண்ணி மத்தியானத்துக்குள்ள இத்தனை பேரு கேட்டிருக்காங்க. கம்பெனி இல்ல, சினிமா இல்ல. பெரியநாயக்கன்பாளையத்துல மோட்டாருக்குக் காயில் கட்டறவன் பாட்டை. அதைச் சொல்லு.

ஜெயக்கொடி: அதைத்தான் பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டு இருக்கறேன். ஆனா உங்க துடும்புக்காரரு சென்னகிருஷ்ணன் வேற மாதிரி சொன்னாருங்க. ஸ்டுடியோவுல ரெண்டாவது சரணம் வந்ததும் நீங்க மைக்கை உட்டு நகந்து நின்னுட்டீங்களாம். பாடுங்கண்ணான்னதுக்கு, கிடாரு மட்டும் ஓடட்டும்னீங்களாம். உங்க மூஞ்சியப் பாத்துட்டு அவரும் குச்சியைக் கீழ வெச்சுட்டாராம்.

பிராங்க்: அவனுக்கு வாயி ஜாஸ்தி.

ஜெயக்கொடி: வேற வரி எழுதியிருக்கலாமுல்லங்க?

பிராங்க்: எழுதிப் பாத்தேன். பட்டறையில உக்காந்து, வண்டி ஓட்டிட்டு... ஒண்ணும் ஒட்டல. அது அவ எழுதுன எடம்.

ஜெயக்கொடி: பேரைச் சொல்ல மாட்டீங்களா? நம்ம பொண்ணுதானுங்க.

பிராங்க்: லின்சி எழுதுன எடம். போதுமா?

ஜெயக்கொடி: இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம். ரெண்டு வருசத்துக்கு முந்தி சரவணம்பட்டி காலேஜுக் கச்சேரியில, "அடுத்து பிராங்க் சார் எழுதுன பாட்டு"ன்னு மைக்குல சொன்னாங்களே. பக்கத்துலதான நின்னுட்டு இருந்தா. உங்களுக்குச் சரிசமமா பாடற புள்ள. நீங்க வாயத் தொறப்பீங்கன்னு உங்க மூஞ்சியவே பாத்துட்டு...

பிராங்க்: கை தட்டிட்டு இருந்தாங்க அம்மணி. அதுக்கு நடுவுல பூந்து...

ஜெயக்கொடி: மொதல் சரணம் எங்கப்பாவுது, ரெண்டாவது என்றதுன்னு அவ ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாளுங்க.

பிராங்க்: ஊட்டுக்கு வந்து சொன்னா பாரு... என்ற வரியை இனி பாடாதீங்கன்னு. அதோட பாலக்காட்டுல வேலைன்னு பேக்கைத் தூக்கிட்டா. ரெண்டு வருசமா எனக்கு ஒரு போனு கிடையாது.

ஜெயக்கொடி: நீங்க பண்ணுனீங்களா?

பிராங்க்: எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பண்றது?

ஜெயக்கொடி: ஆல்பத்துக்கு மேகாத்துன்னு பேரு வெச்சப்பவே நெனச்சேன். அந்தக் காத்து எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?

பிராங்க்: மேக்க, பாலக்காட்டுப் பக்கமிருந்து வருது. கோயமுத்தூருல எல்லாத்துக்கும்தான் வருது.

ஜெயக்கொடி: சரி சரி.

பிராங்க்: பாடாதீங்கன்னு சொன்னா. பாடல. அவ வரியையும் எடுக்கல, அந்த எடத்துல வேற வரியையும் வெக்கல. வேற என்ன பண்ணச் சொல்றே?

ஜெயக்கொடி: எழுதுனவங்க பேருல அவளதை முன்னால போட்டிருக்கீங்க. லின்சி, பிராங்க்னு. பாத்தேன்.

பிராங்க்: அதையும் பாத்துட்டயா.

ஜெயக்கொடி: மைக்குல சொல்லாம உட்டதுக்கு அது ஈடாகுமுங்களா?

பிராங்க்: ஆகாது. அதனாலதான் ரிலீஸ் கச்சேரியை அதே சரவணம்பட்டி காலேஜு மண்டபத்துல வெச்சேன். சாயங்காலம் அந்தப் பாட்டு வாரப்ப சொல்லப்போறேன். அன்னைக்குக் கை தட்டு வாங்குன வரி என்ற பொண்ணோடதுங்க, நான் எழுதலீங்கன்னு. சொல்லிப்போட்டு அந்த எடத்துல வெறும் கிடாரை வாசிக்கறேன். அவ கேக்காட்டியும் பரவால்ல. ஏ, இப்ப எதுக்குக் கண்ணைத் தொடைக்கறே?

ஜெயக்கொடி: ஏனுங்க... திட்ட மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்.

பிராங்க்: சொல்லு.

ஜெயக்கொடி: போன வாரம் அந்தப் பாட்டை என்ற போனுக்கு அனுப்புனீங்கல்ல... அதை அவளுக்கு அனுப்பிப்போட்டனுங்க.

பிராங்க்: என்ன சொன்னா?

ஜெயக்கொடி: மொதல்ல பதிலே இல்ல. நேத்துத்தான் கூப்புட்டா. அந்தக் காலி எடத்தையே திருப்பித் திருப்பிக் கேட்டாளாம். அப்பா ஏம்மா அங்க பாடாம சும்மா நிக்கறாருன்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல. நீயே வந்து கேளு கண்ணுன்னேன்.

பிராங்க்: வாராளா?

ஜெயக்கொடி: உக்கடம் பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டாளாம். நேரா மண்டபத்துக்கு வாரா. அந்தப் பழைய வரி இப்ப அவளுக்கே புடிக்கலையாம், புதுசா எழுதியிருக்கறாளாம். பாடறதா வேண்டாமான்னு உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாளாம்... கோவமுங்களா? இந்த ரெண்டு வருசமா உங்களுக்குத் தெரியாம மாடியில நின்னு அவகூடப் பேசிட்டுத்தானுங்க இருந்தேன்.

பிராங்க்: தெரியும் அம்மணி. இல்லாட்டி, ரிலீசுக்கு முந்தி யாருக்கும் குடுக்காத பாட்டை உனக்கு மட்டும் எதுக்கு அனுப்பறேன்?