நிக்கும்போது கொதிக்கக் கூடாது

இல்ல தம்பி, அந்தக் கட்டத்துல இப்பவே டிக் போடாதீங்க. உங்க ரேடியேட்டர் ஆர்டர் ஃபாரத்துல வண்டி எதுக்கு, தெருவா, பந்தயமா, கண்காட்சியான்னு மூணு கட்டம் போட்டிருக்கீங்க, எனக்கு மூணுமே இல்ல. அதைக் கடைசில பாத்துக்கலாம். முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. வண்டி ஒரே இடத்துல நிக்குது. இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு. வெயில் தொண்ணூறு டிகிரி. கொதிக்காம எவ்வளவு நேரம் தாங்கும்?

அறுபது மைல் வேகத்துல போனா எப்படின்னு நான் கேக்கவே இல்லையே. அறுபதுல போனா ஃபேனே வேண்டாம், காத்து தானா வந்து மோதிடும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதணும்னு எங்க பள்ளிக்கூடத்துல சிஸ்டர் பெர்னார்டா ஸ்கேலால அடிச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. உங்களுக்கு அப்படி யாரும் கிடைக்கல போல.

ஆமா, அறுபத்தெட்டு மாடல் ஜி.டி.ஓ. கார். நானூறு இன்ஜின், ஆட்டோமேட்டிக், ஏ.சி. கிடையாது. சீட்டு எதுவும் கொண்டு வரல. வீட்டுக்காரர் எழுதிக் குடுத்ததை வாசிக்க வந்த பொம்பளைன்னு நினைச்சுட்டீங்களா? முப்பத்தொரு வருஷம் அந்த மனுஷன் வண்டிக்கு அடியில கிடந்து கையை நீட்டினா, எந்த ஸ்பேனர்னு கேக்காம வெச்சவ நான். நர்ஸ் வேலைக்குப் போயிருந்தா இந்நேரம் பென்ஷன் வந்திருக்கும்.

இப்ப இருக்கறது பழைய பித்தளை ரேடியேட்டர். மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாத்தேன், டீக்கடைப் பாத்திரம் மாதிரி உள்ள பொருக்குத் தட்டிக் கிடக்கு. ஃபேனைச் சுத்தி வர்ற கவர் எப்பவோ உடைஞ்சு போச்சு, அவர் திரும்பப் போடவே இல்ல. ஓட்டற வண்டிக்கு அது எதுக்குன்னாரு. அவர் சொன்னது சரிதான். ஓட்டற வண்டிக்கு.

இந்த வெயில்ல நின்னா இருபத்தஞ்சு நிமிஷம். அதுக்கு மேல சூடு காட்டற முள்ளு ஏற ஆரம்பிச்சுடும். முப்பத்தஞ்சாவது நிமிஷம் ஆவி. அப்புறம் அவரைப் பிடிச்சு உக்கார வைக்க முடியாது. தண்ணிக் கேனைத் தூக்கிட்டு இறங்கி நடந்துடுவாரு, மூலையில பெட்ரோல் பங்க் இருக்குன்னு. அந்த மூலையில பெட்ரோல் பங்க் இருந்தது எண்பத்தெட்டுல. இப்ப அங்க பேங்க். போன வியாழக்கிழமை வுட்வர்ட் அவென்யூ நடுத்திட்டுல நின்னுட்டிருந்தாரு, இந்தப் பக்கம் நாலு லேன், அந்தப் பக்கம் நாலு லேன், கையில காலிக் கேன். ஒரு பஸ் டிரைவர்தான் நிறுத்தி ஏத்திக்கிட்டு வந்தாரு. அதனாலதான் சொல்றேன், கொதிக்கக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.

பிடிவாதக்காரரா? ம். அப்படியும் சொல்லலாம்.

பழைய கார் ஊர்வலத்துக்கா? வர்ற சனிக்கிழமை இல்லையா அது. ஆமா ஆமா, ஊர்வலத்துக்குன்னே வெச்சுக்கங்க. நீங்களே பாத்திருப்பீங்களே வருஷா வருஷம். ரேஸ் ஓடறவன் மாதிரி ரேடியேட்டரை வாங்கி மாட்டிக்கிட்டு வருவானுங்க, வந்து சேந்தா ஊர்வலம் ஆமை வேகம். பத்து மைல் ரோட்டுல பாதி வண்டி பானட்டைத் திறந்து போட்டுக்கிட்டு ஆவி விட்டுட்டு நிக்கும். இவனுங்க பக்கத்துல மடக்கு நாற்காலி போட்டு உக்காந்து பீர் குடிப்பானுங்க, ஏதோ அதுக்குத்தான் வந்த மாதிரி. ஓடறதுக்கு வாங்கினா நிக்கும்போது கொதிக்கும்னு இந்த ஊர் ஆம்பளைங்களுக்கு முப்பது வருஷமா உறைக்கல.

அதே தப்பை எங்க வீட்டுலயும் பண்ணியாச்சு. வெர்ன்னு நார்ப்போட சிநேகிதர் ஒருத்தர். நார்ப்ன்னா எங்க வீட்டுக்காரர், நார்பர்ட். அந்த வெர்ன் ஜூன் மாசம் வந்து, ஆறு இலை ஃபேன் ஒண்ணு மாட்டிட்டுப் போனாரு. பெரிய உபகாரம் பண்ணின மாதிரி ரெண்டு தட்டு பியரோகிக் கொழுக்கட்டையையும் காலி பண்ணினாரு. இன்ஜின் வேகமா சுத்தினா ஃபேனும் வேகமா சுத்தும், சரி. நிக்கும்போது இன்ஜின் எழுநூறுல முனகிட்டிருக்கும், ஃபேன் என்ன பண்ணும்? ஈ ஓட்டும். சுத்திக் கவரும் இல்லன்னா, வெந்து போன காத்தையே திரும்பத் திரும்ப இழுக்கும். இதை வெர்னுக்குச் சொன்னேன். நீ சாப்பாட்டைக் கவனிம்மான்னாரு. அதுக்கப்புறம் அவருக்குச் சாப்பாடு போடறதை நிறுத்திட்டேன்.

சரி, காட்டுங்க. அலுமினியமா. குழாய் ரெண்டு வரிசைதானா? ஓ, ஒவ்வொரு குழாயும் ஒரு அங்குல அகலம். அப்ப பழைய நாலு வரிசை பித்தளையை விட இது தேவலைங்கறீங்க. ஒத்துக்கறேன். சும்மா வரிசையை எண்ணிக்கிட்டு இருக்கறது முட்டாள்தனம்னு எனக்கும் தெரியும். கவர் முழுசா மூடுதா? விளிம்புல இடைவெளி இருக்கக் கூடாது. ஃபேன் ரெண்டு, கரண்ட்ல ஓடறது. இது சரி. இன்ஜின் தூங்கினாலும் இது தூங்காது.

ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க பாருங்க. நான் கேக்கட்டும்னு இருந்தீங்களா, இல்ல உங்களுக்கே தோணலையா? ரெண்டு ஃபேனும் சேந்து முப்பது ஆம்பியர் குடிக்குமா? குடிக்குமில்ல. எங்க வண்டியில இருக்கறது அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர். ரோட்டுல ஓடினா ஐம்பத்தஞ்சு குடுக்கும், நின்னா இருபது குடுத்தாலே பெரிசு. அப்ப மிச்சம் எங்கேருந்து வரும்? பேட்டரிலேருந்து. ஒரு மணி நேரத்துல பேட்டரி செத்துடும், ஃபேன் நிக்கும், வண்டி கொதிக்கும், என் ஆளு கேனைத் தூக்குவாரு. நீங்க இன்னொரு கஸ்டமரைப் பாத்துட்டிருப்பீங்க.

அதான். நின்ன நிலையிலேயே அறுபது குடுக்கற ஆல்டர்னேட்டர் ஒண்ணும் சேத்துப் போடுங்க. தடிமனா ஒயரும். கீழ் ஹோஸும் புதுசு. உள்ள ஸ்பிரிங் இல்லாட்டியும் பரவாயில்ல, வேகத்துலதான் ஹோஸ் அமுங்கிப் போகும்.

நான் எங்க கத்துக்கிட்டேனா? முன் சீட்டுல உக்காந்துதான். அவர் பக்கத்துல. தினமும் காலைல ஒன்பதுலேருந்து மருந்து குடுக்கற ஒரு மணி வரைக்கும். பீன்ஸ் ஆஞ்சுட்டு, துணி மடிச்சுட்டு, ஜெபமாலையும் அங்கேயே முடிச்சுட்டு. கண்ணு மட்டும் முள்ளு மேல.

அஞ்சு வருஷ கேரண்டியா. வேண்டாம் தம்பி, அதுக்குக் கூடக் காசு குடுத்து என்ன பண்றது? இந்தக் கோடை தாண்டினாப் போதும்.

நீங்களே மாட்டித் தரீங்களா? நல்ல மனசு. ஆனா வண்டியை ஓட்டிக்கிட்டு வாங்கன்னா எப்படி? ஓடாது. இன்ஜின் ஜம்முனு இருக்கு, கியரும் விழும். ஆனா இன்ஜின்லேருந்து பின் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் வண்டியில இல்ல. அது எங்க வீட்டுல, வாஷிங் மெஷினுக்குப் பின்னால, ஒரு பழைய போர்வையில சுத்தி வெச்சிருக்கேன்.

யாரும் திருடல. நான்தான் கழட்டினேன். மே மாசம், அவர் குளிச்சுட்டு இருந்தப்ப. நாலு போல்ட், பத்து நிமிஷ வேலை. பின்னாலேருந்து எண்ணெய் ஒழுகிச்சு, பாலித்தீன் பையைக் கட்டி வெச்சேன். அதுக்கு மொத வாரம் ரொட்டி வாங்கிட்டு வரேன்னு போனவரு, டொலிடோவும் தாண்டி அடுத்த மாநிலம் ஒஹாயோ வயக்காட்டுல பெட்ரோல் தீந்து நின்னாரு. போலீஸ் கேட்டப்ப வீடு எங்கன்னு சொல்லத் தெரியல. வண்டிக்கு என்ன ஆயில் போடணும்னு மட்டும் சொன்னாராம். அறுபத்தி ரெண்டு வயசு தம்பி. அறுபத்தி ரெண்டெல்லாம் ஒரு வயசா.

சாவியை ஒளிச்சுப் பாத்தேன். கராஜ் கதவுல தலையை மோதிக்கிட்டாரு. வித்துடும்மான்னு என் பொண்ணு சிகாகோலேருந்து போன்ல சொல்றா. அவளுக்கென்ன, அவ அந்தக் கதவுப் பக்கம் நிக்கல. அதனால இதுதான் வழின்னு ஆச்சு. காலைல வாசல்ல வண்டியைத் தள்ளி நிறுத்தி வெச்சுடுவேன், அவர் ஏறி சாவியைத் திருப்புவாரு, கியர் போடுவாரு, கொஞ்சம் உறும விடுவாரு. வண்டி நகராது. இவர் பெருமூச்சு விட்டுட்டு, ஒரு கையை ஜன்னல்ல போட்டுக்கிட்டு உக்காந்துடுவாரு. அவர் கணக்குல தினமும் ஊர்வல சனிக்கிழமை. முன்னால ஆயிரம் வண்டி.

ஏன் நகரவே மாட்டேங்குதுன்னு அப்பப்ப கேப்பாரு. மேலே எங்கயோ எவனோ கொதிச்சுப் போய் நடு ரோட்டுல நிக்கறான்னு சொல்வேன். ரேடியேட்டர் பாத்து வாங்கத் தெரியாத மடையன்னுவாரு. ரெண்டு பேரும் சேந்து அந்த மடையனைத் திட்டுவோம். நாங்க இப்பல்லாம் ஒத்துமையா பேசற ஒரே பேச்சு அதுதான்.

பன்னண்டு மணிக்கு நான் இறங்கி உள்ள போய், பன்னுல சாசேஜும் வெங்காயமும் வெச்சு கோனி டாக் ஒண்ணு பண்ணிக் கொண்டாந்து அவர் பக்கத்து ஜன்னல்ல நீட்டுவேன். ரோட்டோரக் கடைன்னு நினைச்சுக்கிட்டு வாங்கிப்பாரு. நேத்து என் கையில ஒரு டாலர் டிப்ஸ் வெச்சாரு. வெங்காயம் நல்லா பொடியா நறுக்கியிருக்கீங்கம்மான்னாரு. முப்பத்தொரு வருஷமா அதே வெங்காயம்தான் நறுக்கறேன், ஒரு நாள் சொன்னதில்ல.

டாக்டர் சொல்லிட்டாங்க. அடுத்த கோடைக்கு அவருக்குச் சாவின்னா என்னன்னே தெரியாது, அப்ப தொந்தரவு இருக்காதுன்னு. அப்படித்தான் சொன்னாங்க, தொந்தரவு இருக்காதுன்னு.

நீங்க ஏன் பேனாவைக் கீழ வெச்சுட்டீங்க? எடுங்க. தள்ளுபடியெல்லாம் கேக்கல, சரக்கு நாளைக்குள்ள கைக்கு வரட்டும். நானே மாட்டிப்பேன், போல்ட் இறுக்க ஒரு ஆள் அனுப்பினீங்கன்னா சந்தோஷம். வெர்னை மட்டும் அனுப்பாதீங்க.

அந்தக் கட்டமா? டிராஃபிக்னு எழுதுங்க.