தங்கையின் முன்பற்கள்

பல்லின் இயற்கை நிறம் வெள்ளை அன்று. இளமஞ்சள் கலந்த தந்த நிறம். இதை நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். அவர்கள் கேட்பது வெள்ளையைத்தான்.

விசாரணை அதிகாரி என்ற முறையில் நீங்கள் எழுதிக்கொண்டு வந்திருப்பதைப் படித்தேன், ஐயா. என் வயதை மதித்து, 'கவனக்குறைவு' என்று போட்டிருக்கிறீர்கள். நல்ல மனம். ஆனால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். வீட்டோடு சேர்ந்த இந்த அறையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கருவிகள் நீளவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தட்டில் ஒரு நீர்க்கறைகூடக் கிடையாது. மற்றவர் வாய்க்குள் குனிந்து குனிந்து என் முதுகு வளைந்துவிட்டது. களைத்துப்போயிருக்கிறேன். இருந்தும் கவனக்குறைவாக நான் எதையும் செய்ததில்லை. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

என் தங்கை என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். அம்மா போன பிறகு என்னோடுதான் இருந்தாள். வரவேற்பு மேசை, கருவிகளின் சுத்தம், வீட்டுச் சமையல், மாலையில் என் இடுப்புப் பட்டையை அவிழ்த்துத் தைலம் தேய்ப்பது, எல்லாம் அவள் பொறுப்பு. வாயாடி. கேட்க ஆள் இல்லாவிட்டால் அலமாரியிடமாவது பேசுவாள். நான் கண்டிப்பேன்; அவள் சிரிப்பாள். ஐம்பதை நெருங்கும் வயதில் அவளுக்குத் திருமண எண்ணம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

மாப்பிள்ளை, இந்தச் சிகிச்சை நாற்காலியைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக். மனைவியை இழந்தவர். நாற்காலி ஒரே வருகையில் சரியாகிவிட்டது. அவருடைய வருகை மட்டும் நிற்கவில்லை. இதையும் நான் கவனித்தேன்.

தேதி குறித்த பிறகு ஒருநாள், அவள் கண்ணாடி முன் நின்று பல்லைக் காட்டினாள்.

"அக்கா, எனக்கும் வெள்ளை பண்ணி விடேன். போட்டோல பல்லு பழைய சுவரு மாதிரி தெரியுது."

"இந்த வயசுல உனக்கு எதுக்குடி இதெல்லாம்?"

"இந்த வயசுலதானக்கா கல்யாணம் வந்திருக்கு. முன்னாடியே வந்திருந்தா அப்பவே கேட்டிருப்பேன்."

அந்தப் பதிலில் பிழை எதுவும் இல்லை. ஒரு விடுமுறை நாளில் அவளை இந்த நாற்காலியில் உட்கார வைத்தேன்.

முறை எளியது. உதடுகளை விரித்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வளையம். ஈறுகள் வெந்துவிடாமலிருக்க அவற்றின்மேல் காப்புப் பசை. பிறகு பற்களில் வெளுக்கும் ஜெல். அதற்கு நேராக நீல விளக்கு. வளையம் மாட்டிய வாயால் பேச முடியாது. ஆகவே, வலித்தால் இடக்கையைத் தூக்கும்படி எல்லோரிடமும் சொல்வது வழக்கம். அவளிடமும் சொன்னேன்.

வளையத்தை மாட்டியதும் வீடு அடங்கிவிட்டது. அவள் போன பிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் முதன்முதலாகக் காதால் கேட்டேன். காப்புப் பசைக் குழாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

சிறிது நேரத்தில் அவள் கை உயர்ந்தது. அதைப் பிடித்து, மெல்ல அவள் மடியில் இறக்கி, அப்படியே பிடித்துக்கொண்டேன். அவள் விரல்கள் என் விரல்களை இறுக்கின. ஆறுதலுக்காகப் பிடித்திருக்கிறேன் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஈறுகள் வெளிறி, பிறகு புண்ணாயின. கஞ்சியைக் குடித்துக்கொண்டு அவள்தான் என்னைத் தேற்றினாள்.

"விடுக்கா. கண்ணு சரியாத் தெரியலைன்னா சொல்ல வேண்டியதுதானே. நான் என்ன உன்னைப் போலீஸ்லயா புடிச்சுக் குடுக்கப் போறேன்?"

திருமணத்தைத் தள்ளிப்போடலாம் என்றேன். மெக்கானிக் வந்து, வாசலிலேயே நின்று சொன்னார்:

"பல்லையா கட்டிக்கப் போறேன், டாக்டரம்மா? உங்க தங்கச்சியைத்தானே கட்டிக்கப் போறேன். எனக்கே ரெண்டு கடவாய்ப்பல்லு கிடையாது. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு வாய் தேறும்."

அவள் புண்ணோடு சிரித்தாள். வலியில் கண்ணீர் வழிந்தது, சிரிப்பு நிற்கவில்லை. தேதி மாறாது என்று இருவரும் முடிவு செய்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

பற்கள் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தன. அவற்றைச் சமன் செய்ய வேண்டும் என்று சொல்லி, அவளை மறுபடி அழைத்தேன். தயங்கினாள்.

"போன தடவை கையைத் தூக்கினேனேக்கா..."

"இந்தத் தடவை தூக்குற தேவையே வராதுடி. மரத்துப்போக ஊசி போட்டுடறேன்."

"அப்ப சரி. நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்?"

பல்லை வெளுக்கும்போது மரப்பு ஊசி போடக் கூடாது. முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த விதி அது. வலி ஒன்றுதான் எங்களுக்கு எச்சரிக்கை. அது இல்லாதபோது, ஜெல் ஈறைத் தின்பதும் வெப்பம் பல்லுக்குள் இருக்கும் உயிரை வேகவைப்பதும் நோயாளிக்குத் தெரியாது. நான் ஊசி போட்டேன். ஈறுகளை வெறுமனே விட்டு, ஜெல்லைத் தாராளமாகப் பூசினேன். வைக்க வேண்டிய தூரத்தைவிட நெருக்கமாக விளக்கை வைத்தேன். பிறகு, அதோ, அந்தச் சன்னலருகே போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் ஒருமுறை தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். தலையசைத்தேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மேல் முன்பற்கள் நான்கும் செத்துவிட்டன. செத்த பல் சாம்பல் நிறமாகிவிடும், ஐயா. ஈறு கரைந்து வேர் தெரிந்தது. கண்ணாடியைப் பார்த்த பிறகு அவள் பேசவில்லை. மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லும்படி எனக்கு எழுதிக் காட்டினாள். உடனே தொலைபேசியை எடுத்தேன். முதுகுவலிகூட அப்போது தெரியவில்லை.

அவர் வந்துவிட்டார். அவளை வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அந்த மருத்துவர் ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். சென்ற வாரம் பதிவு அலுவலகத்தில், முகக்கவசத்தைக் கழற்றாமலேயே கையெழுத்திட்டாளாம். எனக்கு அழைப்பு வரவில்லை. அலைச்சலில் மறந்திருப்பாள்.

இந்த அறைக்குப் பூட்டுப் போட வேண்டும் என்கிறீர்கள். போடுங்கள். நாற்காலியை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். செத்த பல்லை அப்படியே விட்டுவிட முடியாது. வேரைச் சுத்தம் செய்ய வேண்டும். உறை போட வேண்டும். உறை தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஆயுள் முழுவதும் அவளுக்கு ஒரு பல் மருத்துவர் தேவைப்படுவார். அதைத் தெரிந்துதான் செய்தேன். வீட்டிலேயே ஒருத்தி இருக்கும்போது, அவள் வேறு எங்கே போய்விடப் போகிறாள்?